ஸ்டானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி: வென்றும் சிறைப்பட்ட விமானி

தேசத்துக்காக உயிரை விட்டவர்களின் சரித்திரம் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆறு வருஷ காலம் பகைவனோடு ஆகாயத்தில் போராடி, உயிர் தப்பி, மார்பு நிறைந்த பதக்கங்களோடு தாய்நாட்டுக்குத் திரும்பி, அங்கே சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே அந்நியரின் ஒற்றன் என்று மரண தண்டனை பெற்ற வீரனின் சரித்திரம் அவ்வளவு சாதாரணமானதன்று. போலந்து தேசத்து ஆகாயப் படை வீரர் ஸ்டானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கியின் சரித்திரம் அத்தகையது.

இரண்டாவது உலக யுத்தத்தில் அவருடைய நாட்டு விமானிகளுள் அவருக்கு மிஞ்சியவர் எவருமிலர். பதினெட்டுக்கு மேற்பட்ட பகை விமானங்களை அவர் வீழ்த்தியதாகப் போலந்து ஆகாயப் படையின் கணக்கு கூறுகிறது. ஆனால் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பதற்காக மட்டும் அவரை நினைக்க வேண்டுவதில்லை. வல்லரசுகளின் கையிலே தன் விடுதலையை ஒப்புவித்த ஒரு சிறிய தேசம் என்ன கதியடைந்தது என்பதையும், அக்கதியை ஒரு தனி மனிதர் எவ்வாறு தாங்கினார் என்பதையும் அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. அரசியலில் ஈடுபட்டோர் ஊன்றிப் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

தேசப் படத்தில் இல்லாத தேசம்

ஸ்கால்ஸ்கி 1915-ம் வருஷம், ஒடெஸ்ஸாவுக்கு வடக்கேயுள்ள கொடிமா என்ற ஊரில் பிறந்தார். அப்பொழுது அவ்வூர் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. போலந்து என்ற ராஜ்யமே அன்று உலகப் படத்தில் கிடையாது. 1772, 1793, 1795 ஆகிய மூன்று வருஷங்களில் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகளும் அந்த நாட்டைத் துண்டு துண்டாக அறுத்துப் பங்கிட்டுக்கொண்டன. 123 வருஷ காலம் போலந்து மக்கள் மூன்று எஜமானர்களின் கீழ் வாழ்ந்தனர். பல முறை கிளர்ந்தெழுந்தனர். பல முறையும் நசுக்கப்பட்டனர். ஆயினும் தம் பாஷையையும், சமயத்தையும், தாம் ஒரே தேசத்தார் என்ற உணர்ச்சியையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

முதல் உலக யுத்தத்தின் முடிவில் அந்த மூன்று சாம்ராஜ்யங்களும் ஒருங்கே சரிந்தன. 1918-ல் போலந்து மீண்டும் ஒரு சுதந்திர ராஜ்யமாயிற்று. ஸ்கால்ஸ்கியின் குடும்பம் புதிய போலந்தின் கிழக்குப் பகுதியிலிருந்த டுப்னோ நகரத்தில் குடியேறியது. விடுதலை பெற்ற நாட்டில் வளர்ந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். தாத்தாவுக்கும் தகப்பனாருக்கும் கிட்டாத ஒன்று தங்களுக்குக் கிட்டியிருக்கிறது என்பதையும், கிட்டியது கை நழுவிப் போகக்கூடும் என்பதையும் அத்தலைமுறையினர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தனர்.

அந்நாளைய போலந்து வாலிபர்களை ஆகாய விமானம் வசீகரித்ததில் வியப்பில்லை. டெம்ப்லின் என்ற ஊரில் இருந்த ஆகாயப் படை அதிகாரிகள் பள்ளி கடுமையான பயிற்சிக்குப் பேர் பெற்றது. கருவிகளை நம்புவதைவிடத் தன் கண்ணை நம்பவும், பகைவனுக்கு மிக அருகில் சென்ற பிறகே சுடவும் அங்கே பழக்கினார்கள். ஸ்கால்ஸ்கி 1938-ல் அப்பள்ளியில் தேறி, டோருன் நகரத்திலிருந்த நான்காவது ஆகாயப் படைப் பிரிவைச் சேர்ந்த 142-வது போர் விமான அணியில் அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

யுத்தத்தின் முதல் நாள்

1939-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போலந்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கு அதில் ஓர் இரகசியப் பகுதியும் இருந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 1-ந் தேதி விடியற்காலையில், ஜெர்மன் சைனியம் எல்லையைக் கடந்தது.

போலந்தின் ஆகாயப் படை முதல் நாளிலேயே தரையில் வைத்து அழிக்கப்பட்டதென்று ஒரு கதை வெகு காலம் வழங்கி வந்தது. அது உண்மையன்று. யுத்தம் மூளுமென்று உணர்ந்த போலந்துத் தளபதிகள் தம் போர் அணிகளை முன்னதாகவே பெரிய விமான நிலையங்களிலிருந்து அகற்றி, வயல்வெளிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் மறைத்து வைத்திருந்தார்கள். ஜெர்மானியர் குண்டு வீசி நொறுக்கியவற்றுள் பெரும்பாலானவை பயிற்சி விமானங்களும் பழுதுபட்ட விமானங்களுமே.

ஆனால் மறைத்து வைத்த விமானங்கள் எத்தகையவை? பி.11 என்ற போலந்துப் போர் விமானம் சில வருஷங்களுக்கு முன் உலகத்தின் சிறந்த போர் விமானங்களுள் ஒன்றாயிருந்தது. 1939-ல் அதன் காலம் கடந்துவிட்டது. விமானி உட்காருமிடத்துக்கு மூடி கிடையாது. சக்கரங்கள் உள்ளே மடங்கா. இரண்டு அல்லது நான்கு யந்திரத் துப்பாக்கிகளே உண்டு. அதன் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரை எட்டவில்லை. எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 550 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. ஜெர்மானியரின் குண்டு வீச்சு விமானங்களில் சிலவற்றையே பி.11 துரத்திப் பிடிக்க முடியவில்லை. எண்ணிக்கையிலோ போலந்திடம் முன்னணிக்கு உரியவை சுமார் 400. ஜெர்மானியரிடம் அதைப்போல் பல மடங்கு. இந்த வித்தியாசத்தைப் போலந்து விமானிகள் அறியாமல் போருக்குப் புறப்படவில்லை, அறிந்தே புறப்பட்டார்கள்.

அந்த முதல் நாளிலேயே ஸ்கால்ஸ்கியின் குணத்தைக் காட்டும் ஒரு சம்பவம் நேர்ந்தது. வேவு பார்க்க வந்த ஹென்ஷல் விமானம் ஒன்றை அவர் தாக்கினார். அவருடைய அணியைச் சேர்ந்த மரியான் பிசாரெக் அதை வீழ்த்தினார். கீழே விழுந்த விமானத்தில் இரண்டு ஜெர்மானியர் காயமுற்றுக் கிடந்தனர். ஸ்கால்ஸ்கி தம் விமானத்தை அருகிலிருந்த வயலில் இறக்கினார். ஓடிச் சென்று அவர்களுடைய காயங்களுக்குக் கட்டுப் போட உதவினார். விமானத்திலிருந்த இராணுவப் படங்களையும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஆகாயத்தில் எழும்பினார். தம் நாட்டு நகரங்கள் குண்டு வீச்சில் எரிந்துகொண்டிருந்த அதே நாளில், தம் நாட்டின்மீது படையெடுத்து வந்தவனின் இரத்தத்தைத் துடைத்த வாலிபர் அவர். ஒன்பது வருஷத்துக்குப் பின்னர் அவருடைய சொந்த நாட்டு அதிகாரிகள் அவரை நடத்திய விதத்தைப் படிக்கும்போது நேயர்கள் இச்சம்பவத்தை மறக்கலாகாது.

மறுநாள் அவர் இரண்டு ஜெர்மன் குண்டு வீச்சு விமானங்களை வீழ்த்தினார். அடுத்த சில நாட்களில் மேலும் சில. ஐந்து பகை விமானங்களை வீழ்த்தியவனைத் தலைசிறந்த விமானியென்று கொண்டாடுவது ஐரோப்பியப் படைகளின் வழக்கம். அந்த யுத்தத்தில், நேச நாட்டார் பக்கத்தில், அப்படிக் கொண்டாடப்பெற்ற முதல் விமானி ஸ்கால்ஸ்கிதான். அதைப் பெற்றதும் காலங்கடந்த அந்தப் பழைய விமானத்தைக்கொண்டே.

தனி வீரம் தேசத்தைக் காக்கவில்லை. போலந்தின் பாதுகாப்புக்கு உறுதி கூறியிருந்த பிரிட்டனும் பிரான்ஸும் செப்டம்பர் 3-ந் தேதி யுத்தப் பிரகடனம் செய்தன. ஆனால் மேற்கு எல்லையில் பெரும் படையெடுப்பு எதையும் நடத்தவில்லை. செப்டம்பர் 17-ந் தேதி ருஷ்ய சைனியம் கிழக்கிலிருந்து நுழைந்தது. இரண்டு பக்கத்திலும் நெருக்குண்ட போலந்து மறுபடியும் தேசப் படத்திலிருந்து மறைந்தது. எஞ்சிய விமானிகளுக்கு எல்லை கடந்து செல்லும்படி உத்தரவு பிறந்தது.

போலந்தின் பேரால் மூண்ட யுத்தம்

இவ்விடத்தில் நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். போலந்தின் சுதந்திரத்துக்காகவே வாளெடுத்ததாகப் பிரிட்டிஷ் சர்க்கார் உலகுக்கு அறிவித்தார்கள். அதே செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்திய ஜனத் தலைவர்களில் ஒருவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியாவும் யுத்தத்தில் இருப்பதாகப் பிரகடனம் செய்தார். போலந்துக்கு வேண்டிய சுதந்திரம் இந்தியாவுக்கு வேண்டாமோ என்ற கேள்வியைக் காங்கிரஸ் எழுப்பியது. திருப்தியான விடை கிடைக்கவில்லை. 1939 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னை உள்பட எட்டு மாகாணங்களின் காங்கிரஸ் மந்திரிசபைகள் இராஜிநாமாச் செய்தன. இந்தியாவுக்கு அன்று ஏற்பட்ட சந்தேகம் நியாயமானதென்று இந்தியர்கள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. யாருடைய பேரால் யுத்தம் தொடங்கியதோ அந்தப் போலந்து மக்களும் ஆறு வருஷத்தில் அதைக் கண்டுகொண்டார்கள்.

அந்நிய மண்ணில் போர்

ருமேனியா வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் ஆயிரக்கணக்கான போலந்து விமானிகளும் யந்திரத் தொழிலாளிகளும் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தனர். பலர் தடைமுகாம்களிலிருந்து தப்பினர். பலர் பொய்ப் பெயர்களில் பிரயாணம் செய்தனர். ஸ்கால்ஸ்கியும் அவ்வாறே பிரான்ஸ் சென்று, 1940-ம் வருஷத் தொடக்கத்தில் இங்கிலாந்தை அடைந்தார்.

இங்கிலாந்தில் அவர்களுக்கு முதலில் கிடைத்தது மரியாதையன்று. மூன்று வாரத்தில் நாட்டைப் பறிகொடுத்தவர்கள் என்ற இளப்பமே கிடைத்தது. ஆங்கிலம் தெரியாத இவர்களை நம்பி விமானத்தைக் கொடுப்பதா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் தயங்கினர். மாதக்கணக்கில் பாஷைப் பாடமும் அணிவகுப்புமாகவே கழிந்தன. பிரான்ஸ் வீழ்ந்தது, ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின்மீது திரள் திரளாக வரத் தொடங்கின, பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் விமானிகள் நாள்தோறும் மடிந்தனர். அதன் பிறகே தயக்கம் நீங்கியது.

1940 ஆகஸ்டு மாதத்தில் ஸ்கால்ஸ்கி 501-வது பிரிட்டிஷ் அணியில் சேர்க்கப்பட்டார். முதன்முறையாக எட்டு யந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய ஹரிக்கேன் விமானம் அவர் கைக்கு வந்தது. ஆகஸ்டு 30-ந் தேதி முதல் செப்டம்பர் 2-ந் தேதி வரை நாலே நாளில் நாலு ஜெர்மன் விமானங்களை அவர் வீழ்த்தினார். செப்டம்பர் 5-ந் தேதி அவருடைய விமானம் சுடப்பட்டுத் தீப்பிடித்தது. எரியும் விமானத்திலிருந்து குதித்துப் பாரசூட்டில் இறங்கினார். உடம்பில் கடுமையான தீப்புண்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி வாசம். புண் ஆறிய தழும்புகளோடு அக்டோபர் மாத முடிவில் மீண்டும் தம் அணிக்கே திரும்பினார்.

பிரிட்டனைக் காத்த அந்த ஆகாய யுத்தத்தில் 145 போலந்து விமானிகள் பங்கு கொண்டனர். போலந்து விமானிகளையே கொண்ட 303-வது அணி, ஹரிக்கேன் விமானங்களை ஓட்டிய அணிகள் எல்லாவற்றிலும் அதிகமான பகை விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கிடப்பட்டது. மற்றவர்கள் தூரத்திலிருந்தே சுடத் தொடங்கிய காலத்தில், இவர்கள் டெம்ப்லினில் கற்றபடி மிக நெருங்கிச் சென்று சுட்டார்கள். நாடிழந்தவனுடைய கோபம் ஒரு புறமிருக்க, பழைய விமானங்களில் பெற்ற அநுபவமும் கைத்தேர்ச்சியுமே அவர்களுடைய வெற்றிக்கு முக்கிய காரணங்கள். ஏளனம் செய்தவர்களே இப்பொழுது அவர்களைப் புகழ்ந்தார்கள்.

அடுத்த நாலு வருஷங்களில் ஸ்கால்ஸ்கி படிப்படியாக உயர்ந்தார். 1942-ல் 317-வது போலந்து அணிக்குத் தலைவரானார். 1943-ம் வருஷ வசந்த காலத்தில், ஆப்பிரிக்காவின் வடகரையில் டுனீஷியாவில் நடந்த போருக்கு, தாமே முன்வந்த பதினைந்து போலந்து விமானிகளைக்கொண்ட சிறு குழு ஒன்று அனுப்பப்பட்டது. ஆகாயத்தில் அதனை நடத்தியவர் ஸ்கால்ஸ்கி. சுமார் இரண்டு மாதத்தில் அந்தச் சிறு குழு இருபதுக்கு மேற்பட்ட பகை விமானங்களை வீழ்த்தியது. அதன் விமானிகளில் ஒருவர் மட்டுமே பகைவரிடம் சிறைப்பட்டார். நண்பர்கள் அதற்கு ஸ்கால்ஸ்கியின் சர்க்கஸ் என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். அப்பெயரே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

அவ்வருஷமே பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 601-வது அணிக்கு அவர் தலைவராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் போர் விமான அணி ஒன்றுக்குப் போலந்துக்காரர் ஒருவர் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. மூன்று வருஷத்துக்கு முன் விமானத்தைக் கொடுப்பதற்கே தயங்கியவர்கள், இப்பொழுது தம் சொந்தப் பிள்ளைகளையே அவர் தலைமையில் அனுப்பினர். 1944-ல் அவர் 133-வது போலந்துப் படைப் பிரிவுக்குத் தளபதியானார். நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய காலத்தில் மஸ்டாங் விமானங்களை நடத்திச் சென்றார். ஜூன் 24-ந் தேதி பிரான்ஸில் ரூவான் நகர்ப் பக்கத்தில் அவர் பெற்ற இரண்டு வெற்றிகளே அவருடைய கடைசி வெற்றிகள்.

வெற்றி யாருக்கு?

ஸ்கால்ஸ்கி அந்நிய ஆகாயத்தில் வென்றுகொண்டிருக்கையில் அவருடைய நாட்டின் தலைவிதி வேறிடத்தில் எழுதப்பட்டது. 1944-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி வார்சா நகரத்து ஜனங்கள் ஜெர்மானியரை எதிர்த்துக் கிளம்பினர். 63 நாள் போராடினர். ருஷ்ய சைனியம் விஸ்டுலா நதியின் மறுகரைக்கு வந்திருந்தும், நகரத்தைக் காக்கத் தக்க உதவி செய்யவில்லை. வார்சா தரைமட்டமாயிற்று.

1945 பிப்ரவரியில் யால்டாவில் மூன்று வல்லரசுகளின் தலைவர்கள் கூடினார்கள். போலந்தின் பிரதிநிதிகள் அங்கே அழைக்கப்படவில்லை. நாட்டின் கிழக்குப் பகுதி ருஷ்யாவுக்குச் சேர்ந்தது. ஸ்கால்ஸ்கி வளர்ந்த டுப்னோவும் அதோடு போயிற்று. மிஞ்சிய போலந்தில் ருஷ்யாவின் ஆதரவு பெற்ற சர்க்கார் அமர்ந்தது. 1945 ஜூலை மாதத்தில் பிரிட்டன் அந்தச் சர்க்காரை அங்கீகரித்தது. லண்டனிலிருந்த போலந்து சர்க்காருக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நீக்கியது. எந்தச் சர்க்காருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஸ்கால்ஸ்கியும் அவருடைய தோழர்களும் பிரிட்டனுக்காக இரத்தம் சிந்தினார்களோ, அந்தச் சர்க்கார் ஒரே நாளில் இல்லாத சர்க்காராயிற்று.

1946-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி லண்டனில் மாபெரும் வெற்றி விழா ஊர்வலம் நடந்தது. பல தேசத்துப் படைகள் அணிவகுத்துச் சென்றன. போலந்துப் படைகள் செல்லவில்லை. புதிய வார்சா சர்க்காரின் மனம் கோணாதிருக்கும் பொருட்டு, பிரிட்டனோடு தோளோடு தோள் நின்று போராடிய போலந்துப் படையினரை முறைப்படி அழைப்பதைப் பிரிட்டிஷ் சர்க்கார் தவிர்த்தனர். விமானிகளில் 25 பேரை மட்டும் பிரிட்டிஷ் ஆகாயப் படையோடு சேர்ந்து நடக்க அழைத்தனர். இத்தாலியில் மான்டே காஸினோவைப் பிடித்த தம் தரைப்படைச் சகோதரர்களுக்கு இடமில்லாத ஊர்வலத்தில் தமக்கும் இடம் வேண்டாமென்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு, அவர்கள் பெற்ற பதக்கங்கள் எல்லாவற்றிலும் உயர்ந்ததென்று நாம் கருதுகிறோம்.

தாய்நாட்டின் வரவேற்பு

ஸ்கால்ஸ்கி பிரிட்டனிலேயே தங்கியிருக்கலாம். அவருடைய தோழர்களில் மிகப் பலர் அங்கேயோ, கானடா முதலிய நாடுகளிலோ தங்கிவிட்டனர். அவரோ 1947-ம் வருஷம் போலந்துக்குத் திரும்பினார். அவருடைய தாயார் அங்கே இருந்தார். நாட்டை ஆள்வோர் யாராயினும் நாடு தம்முடையதே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஆகாயப் படைத் தலைமைக் காரியாலயத்தில் அவருக்கு உத்தியோகமும் கிடைத்தது.

அது ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1948-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி இரகசிய போலீஸார் அவரைக் கைது செய்தனர். மேற்கு நாடுகளுக்கு ஒற்றர் வேலை பார்த்ததாகக் குற்றச்சாட்டு. வார்சாவிலுள்ள மொக்கோட்டூவ் சிறையில் அவரை அடித்தார்கள், வதைத்தார்கள், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி துன்புறுத்தினார்கள். தீப்புண் தழும்புகளைச் சுமந்த உடம்பு இப்பொழுது சுதேசிகளின் கையால் அடிபட்டது. 1950-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

இந்தக் கொடுமைக்குக் காரணம் யாது? ஸ்கால்ஸ்கி ஏதேனும் சதி செய்தாரா? இல்லை, பின்னர் அவர் குற்றமற்றவரென்று அதே ராஜ்யமே ஒப்புக்கொண்டது. உண்மையான காரணம் வேறு. மக்களின் சம்மதத்தால் ஏற்படாமல் அந்நிய சைனியத்தின் பலத்தால் நிற்கும் சர்க்காருக்கு, நாட்டுக்காகத் தன்னிச்சையாய்ப் போராடி ஜனங்களின் அன்பைப் பெற்ற ஒவ்வொரு வீரனும் ஓர் அச்சம். அவன் வாய் திறவாமல் தெருவில் நடந்தாலே போதும். அவனைக் காண்கின்ற ஜனங்களுக்குத் தங்கள் நாட்டின் வேறொரு சரித்திரம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே அவனைத் துரோகியாக்க வேண்டியது அவசியமாகிறது. இது ஸ்கால்ஸ்கி ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. போலந்துக் குண்டு வீச்சு அணி ஒன்றின் தலைவராயிருந்து, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டு, பின்னர் தாய்நாடு திரும்பி டெம்ப்லின் பள்ளிக்கே தலைவராகவும் பணிபுரிந்த ஷ்செபான் ஷ்சீபியோர் 1952-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி அதே சிறையில் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் சில ஆகாயப் படை அதிகாரிகளும் மாண்டனர். அவர்களும் நிரபராதிகளே என்று பிற்பாடு அறிவிக்கப்பட்டது; அவ்வறிவிப்பைக் கேட்க அவர்கள் இல்லை.

கருணை மனு எழுதிக் கொடுக்க ஸ்கால்ஸ்கி இசையவில்லை. குற்றம் செய்தவனல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆனால் பெற்ற மனம் பொறுக்கவில்லை. அவருடைய தாயார் ராஜ்யத் தலைவர் பீருட்டிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. ஆகாயத்தில் நாலு திசையும் திரிந்தவர் நாலு சுவர்களுக்குள் வருஷங்களை எண்ணினார்.

1953-ல் ஸ்டாலின் இறந்தார். 1956 மார்ச்சில் பீருட்டும் இறந்தார். இறுகிய பிடி சற்றே தளர்ந்தது. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்கால்ஸ்கி விடுவிக்கப்பட்டார். பகைவரோடு அவர் போரிட்ட காலம் ஏறத்தாழ ஆறு வருஷம். சொந்த நாட்டுச் சிறையில் கழித்த காலம் ஏறத்தாழ எட்டு வருஷம். முப்பத்திரண்டாவது வயதில் உள்ளே போனவர் நாற்பது வயதில் வெளியே வந்தார்.

சிறைக்குப் பின்

அவர் மேலான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. மீண்டும் ஆகாயப் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1939-ம் வருஷப் போரைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்து, போலந்து வாலிபர்களிடையே அவருடைய பெயரைப் பரப்பியது. 1968-ல் போலந்து விமானக் கழகத்தின் பொதுக் காரியதரிசியானார். 1972-ல் ஓய்வு பெற்றார். 1988-ல் அவருக்கு ஜெனரல் பதவி அளிக்கப்பட்டது. மறு வருஷமே அந்த ஆட்சி முறை போலந்து ஜனங்களின் எதிர்ப்புக்கு முன் நிற்கமாட்டாமல் சாய்ந்தது. பழைய கொடுமைகளுக்குப் பொறுப்பான சிலர் தம் முதுமையில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஸ்கால்ஸ்கியின் காலத்தில் விசாரணை இலாகாவில் உயர் பதவி வகித்த ஆதம் ஹூமர், கைதிகளை வதைத்த குற்றத்துக்காக 1996-ல் 9 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். மேல் விசாரணையில் அது சிறிது குறைக்கப்பட்டது.

1990-ம் வருஷம் ஸ்கால்ஸ்கி ஒரு விசேஷ விருந்தினரைச் சந்தித்தார். யுத்தத்தின் முதல் நாளில் வயலில் காயமுற்றுக் கிடந்து, அவர் கையால் உதவி பெற்ற ஜெர்மானியரே அவர். இடையில் ஐம்பத்தொரு வருஷம் ஓடியிருந்தது. பகைவன் நன்றியை மறக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் ஒரே வருஷத்தில் மறந்ததையும், வார்சா சர்க்கார் குற்றமென்று கருதியதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நேயர்களின் பொறுப்பு.

2004-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, ஏறத்தாழ 89 வயதில், ஸ்கால்ஸ்கி வார்சாவில் காலமானார். தேசம் அவருக்கு இராணுவ மரியாதை செய்தது. அப்போது போலந்து எந்த அந்நிய சைனியத்தின் நிழலிலும் இல்லை.

அவர் வாழ்க்கை கூறுவது

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது? வீரம் வீண் என்று சிலர் முடிவு கட்டலாம். அது தவறு. 1939-ல் போலந்து விமானிகள் பழைய விமானங்களில் ஏறிப் போராடாமல் இருந்திருந்தால், பின்னால் 1989-ல் ஜனங்கள் நினைத்துப் பெருமைப்படுவதற்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் ஒரு பற்றுக்கோடு குறைந்திருக்கும். தோற்ற தலைமுறை விட்டுச் சென்ற மானமே வென்ற தலைமுறையின் மூலதனம்.

ஆனால் வீரம் மட்டும் போதுமென்று நினைப்பதும் தவறு. ஒரு நாட்டின் சுதந்திரத்துக்காக மற்றொரு நாடு வாளெடுக்கிறதென்றால், அந்த வாள் எடுத்தவனுக்குப் பயன்படும் வரையில்தான் உறையை விட்டு வெளியே இருக்கும். உறுதிமொழி கொடுத்தவர்கள் கெட்டவர்கள் என்பதன்று நாம் சொல்வது. தம் நாட்டு நலனைப் பார்ப்பது அவர்களுக்கு இயற்கை. பிறர் நலனில் தன் விடுதலையைக் கட்டி வைத்தவன்தான் ஏமாறுகிறான். 1945-ல் போலந்துக்கு அறிவுரை கூறக்கூட ஆசனம் கிடைக்கவில்லை. அதன் பிள்ளைகள் எல்லாப் போர்க்களங்களிலும் முன்னணியில் நின்றிருந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்நாட்டுக்கு விடுதலை வந்தது, தொழிற்சாலைகளிலும் தேவாலயங்களிலும் தெருக்களிலும் அதன் சொந்த ஜனங்கள் ஒன்றுகூடி நின்ற பொழுதுதான்.

இன்னொன்றும் உண்டு. சுதந்திரம் பெற்ற நாட்டுக்கும் அது பொருந்தும். ஒரு சர்க்கார் நல்லதா கெட்டதா என்று அறிய விரும்புவோர், அது தன் எதிரிகளை எப்படி நடத்துகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. தனக்குக் கட்டுப்படாத தேசபக்தர்களை எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தன் கொள்கையை ஒப்புக்கொள்ளாதவனை அந்நியரின் ஒற்றன் என்று முத்திரை குத்துவது ஆள்வோருக்கு எப்பொழுதும் எளிது. அவ்வாறு முத்திரை குத்தப்பட்டவர்களுள் ஸ்கால்ஸ்கி போன்றவர்கள் இருக்கக்கூடும் என்பதை ஜனங்கள் நினைவில் வைத்திருந்தால்தான் அந்த அக்கிரமம் நடவாமல் தடுக்க முடியும்.

கொடிமாவில் அவர் பிறந்தபோது அவருக்கென்று ஒரு நாடு இல்லை. மூன்று வயதில் கிடைத்தது. இருபத்து மூன்றில் பறிபோயிற்று. முப்பத்தொன்றில் அவர் தேடித் திரும்பியபோது அது சிறைக்கூடமாயிருந்தது. எழுபதைக் கடந்த பிறகே அது மீண்டும் அவர் நாடாயிற்று. இத்தனைக்கும் நடுவில், அதைத் தம் நாடு அன்று என்று அவர் ஒரு நாளும் கைவிட்டதில்லை.